நுண்ணுயிரிகள் பாடமும் மாணவர் ஆய்வும்

பள்ளி அறிவியலில் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, பாசி, புரோட்டோசோவா ஆகியவை நுண்ணுயிரிகள் என்ற ஒரே தலைப்பின்கீழ் நடுநிலை வகுப்புகளில் (6 முதல் 8 வரை) கற்பிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலில் எட்டாம் வகுப்பில் இதற்கெனத் தனிப் பாடம் உண்டு. அடுத்தடுத்துப் படிப்பதால் பாக்டீரியாவும் வைரஸும் ஏறக்குறைய ஒன்றே என்ற எண்ணம் பல மாணவர்களிடம் தங்கிவிடுகிறது. இவற்றின் வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதன்று; வீட்டில் மருந்து உண்ணும் முறையையும் அது தொடுகிறது.

அளவு

2019 ஆகஸ்ட் 18 இரவு திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. நாக்டிலூகா சின்டிலன்ஸ் என்னும் கடல் உயிரி பெருகியதே காரணம். இது பாக்டீரியாவும் அன்று, வைரஸும் அன்று. உட்கரு உடைய ஒருசெல் உயிரி. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருப்பதால் வெறும் கண்ணுக்கே சிறு புள்ளியாகத் தெரியும்.

அந்த அரை மில்லிமீட்டரை அரை கிலோமீட்டர் நீளத் தெருவாகப் பெரிதாக்கிக் கொண்டால், அதே கணக்கில் ஒரு பாக்டீரியா ஆள் உயரம் இருக்கும். கொரோனா வைரஸ் ஒரு மாதுளம்பழம் அளவே இருக்கும். பள்ளியில் உள்ள ஒளி நுண்ணோக்கியில் பாக்டீரியாவைச் சிறு புள்ளியாகவோ கோடாகவோ காட்டலாம். வைரஸைக் காட்ட எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். எனவே வைரஸ் பகுதி படத்தோடு நின்றுவிடுகிறது.

இட்லி மாவு

பாக்டீரியாவின் வேலையைக் காண நுண்ணோக்கியும் தேவையில்லை. இட்லி மாவு பொங்குவதற்கு ஈஸ்ட் காரணம் என்று பலர் நினைக்கின்றனர். லூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா வெளியிடும் கார்பன் டைஆக்சைடே மாவை எழுப்புகிறது என்று 1965இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பாக்டீரியா அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே இருப்பது. ஊறும்போதே பெருகத் தொடங்குகிறது.

கையால் கரைத்தால்தான் மாவு நன்றாகப் பொங்கும் என்பது வீடுகளில் உள்ள நம்பிக்கை. நல்ல மாணவர் ஆய்வு இத்தகைய கேள்வியிலிருந்தே பிறக்கிறது. ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கையாலும் மற்றொன்றைச் சுத்தமான கரண்டியாலும் ஒரே அளவு உப்பிட்டுக் கரைக்க வேண்டும். ஒரே மாதிரியான கண்ணாடித் தம்ளர்களில் பாதியளவு ஊற்றி, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை உயரத்தை அளவுகோலால் குறிக்கலாம். மூன்றாவது தம்ளரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வெப்பநிலையின் பங்கும் தெரிந்துவிடும். ஒருமுறை செய்தது போதாது. மூன்று முறையாவது செய்து சராசரி எடுக்க வேண்டும். எதிர்பார்த்த விடை வரவில்லையென்றால் வந்ததையே எழுத வேண்டும். பள்ளிக் கண்காட்சிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த நேர்மைதான்.

கைப்பேசியையும் கதவுக் கைப்பிடியையும் துடைத்து எடுத்துத் தட்டில் பாக்டீரியா வளர்க்கும் சோதனை இப்போது பரவலாக உள்ளது. எந்தப் பாக்டீரியா வளர்கிறது என்று தெரியாத நிலையில், மூடிய தட்டைத் திறப்பது ஆபத்து. மாவே பாதுகாப்பானது.

மருந்து

பாக்டீரியா தனக்கென உயிரணு உடையது. அதன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்தே பென்சிலின் அதைக் கொல்கிறது. வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, தனி வளர்சிதை மாற்றமும் இல்லை. நம் உயிரணுவுக்குள் புகுந்தே பெருகுகிறது. ஆகவே சளிக்கும் டெங்குவுக்கும் ஆன்டிபயாடிக் பயன்படாது. தேவையின்றி உண்ணும்போது உடலிலுள்ள பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கக்கூடியவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. இச்சிக்கலைப் பற்றி 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட திட்டம் சென்னைப் பிரகடனம் என்றே அழைக்கப்படுகிறது.

வைரஸை வகுப்பில் வளர்க்க முடியாவிட்டாலும் அது சார்ந்த ஆய்வைத் தெருவில் செய்யலாம். 1993 முதல் நடைபெறும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுடையோர் தம் ஊர்ச் சிக்கலை ஆசிரியர் வழிகாட்டுதலுடன் ஆராய்கின்றனர். தமிழ்நாட்டில் இப்பணியில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஈடுபட்டு வருகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் எந்தெந்தப் பாத்திரங்களில் உள்ளன, மூடிய டிரம்மிலா, பூந்தொட்டித் தட்டிலா என்று ஒரு தெரு முழுவதும் எண்ணலாம். சளிக்கு மாத்திரையை மருத்துவர் சீட்டுடன் வாங்கினார்களா, முன்பு மிஞ்சியதை உண்டார்களா என்று வீடுகளில் பெயர் குறிக்காமல் கேட்டு எழுதலாம்.