கட்-ஆஃப் கேட்காத கணக்கு

7 + 2 = ☐ + 6. கட்டத்துக்குள் என்ன வரும்?

தொடக்கப்பள்ளிக் கணக்குதான், விடை 3. அமெரிக்காவில் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், அடிப்படைக் கணித வகுப்புக்கு அனுப்பப்பட்ட மாணவர்களில் நாலில் ஒருவர் இதைத் தவறவிட்டார். ‘=’ குறியைக் கண்டதும் “இனி விடையை எழுது” என்று பழகிய கை 9 என்று எழுதிவிடும். தராசின் இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும் என்பது நினைவுக்கு வராது.

அந்தப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்குக் கணிதம் உயர்நிலைப்பள்ளி மட்டத்துக்கும் கீழே. 2020-ஐ விட இது கிட்டத்தட்ட 30 மடங்கு. கொரோனா காலப் படிப்பு, எஸ்ஏடி என்ற சேர்க்கைத் தேர்வைக் கைவிட்டது, பள்ளிகள் தாராளமாக அள்ளிப்போட்ட மதிப்பெண் என்று காரணங்களையும் அறிக்கை அடுக்குகிறது. இன்னொரு தகவல் நம் ஊர்ப் பெற்றோரைத்தான் அதிகம் உலுக்கும். 2024-இல் அந்த அடிப்படை வகுப்பில் உட்கார்ந்தவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல், பள்ளிக் கணிதத்தில் உச்ச கிரேடு சராசரி வாங்கியவர்கள். நம் பாஷையில், கிட்டத்தட்ட சென்டம்.

இந்த விஷயம் வெளியே தெரிந்ததே, சேர்ந்த பிறகு வைக்கும் ஒரு தேர்வால்தான். ஆங்கிலத்தில் அதற்கு ‘பிளேஸ்மென்ட் டெஸ்ட்’ என்று பெயர். நம் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் என்றால் வேலை என்று ஆகிவிட்டதால், ‘மட்டம் அறியும் தேர்வு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

நுழைவுத் தேர்வு வேறு, இது வேறு. போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைக்காரர்களுக்கு வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். மலையிலிருந்து இறங்கிய காயைச் சல்லடையில் போட்டு 8 மில்லி, 7 மில்லி, 6 மில்லி என்று பிரிப்பார்கள். 6 மில்லிக் காயைக் குப்பையில் கொட்டுவதில்லை. அதற்கும் ஒரு விலை, ஒரு வியாபாரி உண்டு. மட்டம் அறியும் தேர்வும் யாரையும் வெளியே தள்ளுவதில்லை. ‘நீ நுண்கணிதத்தில் தொடங்கலாம், நீ இயற்கணிதத்தை ஒரு பருவம் படித்துவிட்டு வா’ என்று இடம் காட்டும், அவ்வளவுதான். (காய் அதற்குமேல் வளராது, பிள்ளை வளரும். உவமை அதோடு சரி.)

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும், கோச்சிங்குக்குப் பணமில்லாதவர்களுக்கும் அது பாதகம் என்று சட்டம் இயற்றி, 2007-இல் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான் கதவு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். சிலமலையிலிருந்து விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை, போடி அரசு பொறியியல் கல்லூரியில் கோச்சிங் இல்லாமலே சேர முடிகிறதென்றால் அதற்கு இந்த முடிவும் ஒரு காரணம். அதில் குறை காண எதுவுமில்லை.

சிக்கல் உள்ளே போன பிறகு வருகிறது. கட்-ஆஃப் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு கிடையாது. முதலாண்டில் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வைக்கும் கணிதமோ பதினொன்றாம் வகுப்பின் மேல்தான் நிற்கிறது. பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைப் புரட்டுங்கள்: அணிகளும் அணிக்கோவைகளும், எல்லை, வகையிடல், தொகையிடல். கல்லூரிப் பேராசிரியர் ‘இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க’ என்று தாண்டிப் போகும் பக்கங்கள் அவை.

ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 3×3 அணிக்கு ஐகன் மதிப்பு கண்டுபிடிக்க வேண்டும். பெயர் மிரட்டுகிறது, ஆனால் முதல் வேலை ஓர் அணிக்கோவையை விரிப்பது. அது பிளஸ் ஒன். விரித்தால் λ³ − 6λ² + 11λ − 6 = 0 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். λ = 1 போட்டால் 1 − 6 + 11 − 6, சுழியம். ஒரு மூலம் கிடைத்துவிட்டது. தொகுமுறை வகுத்தல் செய்தால் λ² − 5λ + 6 மிஞ்சும்; அது ஒன்பதாம் வகுப்பு. காரணிப்படுத்தினால் 2, 3. ஆக 1, 2, 3. இதில் கல்லூரிச் சரக்கு ஒரே ஒரு வரிதான். முதலாண்டுக் கணிதத்தில் அரியர் விழுகிறவர் பெரும்பாலும் அந்த வரியில் விழுவதில்லை, விரிக்கும்போது விட்ட ஒரு கழித்தல் குறியில் விழுகிறார்.

பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் போர்ஷனை ஆரம்பித்துவிடுகின்றன என்பது ஊரறிந்த ரகசியம். அதைத் தடுக்கத்தான் 2017–18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அடுத்த ஆண்டே அந்த மதிப்பெண் மேற்படிப்புக்குச் சேராது என்று ஆனது. 2025–26 முதல் அந்தப் பொதுத்தேர்வே இல்லை. மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் மனப்பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் பாடம் நடந்ததா என்று பார்க்கும் கண் இப்போது பள்ளியிலும் இல்லை, கவுன்சிலிங்கிலும் இல்லை. அந்தக் கண் கல்லூரி வாசலுக்கு உள்ளே இருப்பதுதான் முறை.

காகிதத்தில் அது இருக்கிறது. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு, ‘மாணவர்களின் கற்றல் மட்டத்தை எப்படி அறிகிறீர்கள்’ என்று கேட்டு வந்திருக்கிறது. அதனால் சேர்ந்ததும் ஒரு தேர்வு, பிறகு பிரிட்ஜ் கோர்ஸ் என்று வைக்கும் கல்லூரிகள் உண்டு. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சொல்லும் மூன்று வாரத் தொடக்கப் பயிற்சியும் உண்டு. அந்தத் தேர்வின் விடைத்தாள் மாணவர் கைக்குத் திரும்பி வந்து, ‘உனக்கு இடிப்பது இந்த இரண்டு இடம்’ என்று யாராவது உட்கார்ந்து காட்டினால்தான் அதற்குப் பொருள். கோப்பில் ‘ஸ்லோ லெர்னர்’ என்று பட்டியல் போட்டால் போதாது.

முத்திரை குத்துவதன் ஆபத்தையும் கலிஃபோர்னியாவே காட்டியது. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் தேர்வு வைத்து அடிப்படை வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானோர், பருவம் பருவமாக அதிலேயே சுற்றிவிட்டுப் பட்டப் படிப்பின் கணிதத்தைத் தொடாமலே வெளியேறினார்கள். 2017-இல் சட்டம் போட்டு அந்த வழக்கத்தை ஒடுக்க வேண்டியதாயிற்று. நமக்குத் தேவை தனி வகுப்பறை அல்ல. முதல் மாதத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரமும், திட்டாத ஒரு வாத்தியாரும்.

சென்னை ஐஐடி இன்னொரு வழி காட்டியிருக்கிறது. அதன் இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ கட்டாயமில்லை. விண்ணப்பித்தவருக்கு நான்கு வாரம் பாடம் நடத்தி, நடத்திய பாடத்திலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். முதலில் சொல்லிக்கொடு, பிறகு சோதி.

கல்லூரி செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வருடம் கலந்தாய்வில் இடம் கிடைத்த பிள்ளை வீட்டில் இருந்தால், வகுப்பு தொடங்கும் முன் பிளஸ் ஒன் கணித இரண்டாம் தொகுதியை எடுத்து, 7-ஆம் பாடத்திலிருந்து பத்துக் கணக்கைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அங்கே ஒரு குறி போடட்டும். புத்தகம் பரணில் இல்லாவிட்டால், தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது.