நடுவரை நியமிப்பது யார்?

2011 ஏப்ரல் 1ஆம் நாள், ஷா ஆலமில் கூடிய சிலாங்கூர் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. மலேசியாவில் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் நம் சிலாங்கூர்தான். அதே ஆண்டில் பினாங்கும் இயற்றியது.

நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ஆகவே, நம் சமுதாயத்திற்கு இச்சட்டம் மிக நெருக்கமானது. ஒரு தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது, அங்குள்ள தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் எவ்வளவு நிலம் ஒதுக்கப்பட்டது என்று எழுத்துபூர்வமாகக் கேட்க இது வழி காட்டுகிறது.

கேட்டது மறுக்கப்பட்டால், மாநிலத் தகவல் வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். ஆக, நம் உரிமை அந்த நாற்காலிகளில் அமர்பவர்களின் கையில் உள்ளது. அரசின் கோப்பைக் கேட்கிறோம். அரசு மட்டுமே நடுவரைத் தேர்ந்தெடுத்தால் வேலியே பயிரை மேயும் நிலை வரலாம். அதனால்தான் பல நாடுகள் இத்தகைய நியமனங்களில் மக்கள் பிரதிநிதிகளுக்கும் பங்கு தருகின்றன.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரதமர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர், பிரதமர் நியமிக்கும் அமைச்சர் ஆகிய மூவர் குழுவே மத்தியத் தகவல் ஆணையர்களைப் பரிந்துரைக்கிறது. மூவரில் இருவர் அரசுத் தரப்பினர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இலங்கையின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரையைக் கோருகிறது. வழக்கறிஞர் சங்கம், ஊடகத் துறை, பொது அமைப்புகள் ஆகியவையும் பெயர்களை முன்மொழியலாம்.

நம் நாட்டிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. 2018இல் நாடாளுமன்றத்தில் முக்கியப் பொது நியமனங்களுக்கான தேர்வுக்குழு அமைக்கப்பட்டது. ஆனால், 2019 ஜூனில் லத்தீஃபா கோயா ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவராக அக்குழுவின் பார்வைக்கு வராமலேயே நியமிக்கப்பட்டார். அவருடைய தகுதியைவிட, நியமித்த முறையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. குழு இருந்தும், அதைக் கேட்டே ஆகவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லாததே காரணம்.

மன்றத்தின் ஒப்புதல் இருந்தால் மட்டும் போதுமா? மெக்சிகோவில் தகவல் ஆணையர்களைச் செனட் சபை நியமித்து வந்தது. 2023இல் காலியிடங்கள் நிரப்பப்படாததால், ஏழு பேர் இருக்க வேண்டிய ஆணையத்தில் நால்வரே எஞ்சினர். கூட்டம் நடத்தக் குறைந்தது ஐவர் தேவை. மேல்முறையீடுகள் மாதக்கணக்கில் தேங்கின. 2025இல் அந்த ஆணையமே கலைக்கப்பட்டது. நியமனத்தைத் தாமதப்படுத்தியே ஓர் உரிமையை முடக்கலாம் என்பதற்கு இது சான்று.

எனவே, நாம் கேட்க வேண்டியவை மூன்று. முன்மொழியப்படுவோரின் பெயர்கள் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். எதிர்க்கட்சியினரும் உள்ள குழு அவர்களைப் பகிரங்கமாக வினவ வேண்டும். காலியிடத்தை நிரப்பக் காலக்கெடு சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

நாளை பள்ளி நிலத்தின் கோப்பைக் கேட்டு விண்ணப்பிக்கப் போவது இன்றைய மாணவர்களாகிய நாம்தான். அந்த விண்ணப்பம் நேர்மையான நடுவரிடம் போய்ச் சேர வேண்டுமென்றால், நடுவரை நியமிக்கும் முறையைப் பற்றி இன்றே பேசத் தொடங்குவோம்.