பூஜைக்குள் ஒரு நாவல்

புரட்டாசி, ஐப்பசி வாக்கில் துர்கா வருவாள். அவளுக்கு முன்பே கொல்கத்தாவின் கடைகளுக்கு வந்துவிடும், பூஜை மலர்கள். நமது தீபாவளி மலர்களின் உறவுக்காரர்கள்தான். ஆனால் ஒரே மலரில் பல முழு நாவல்கள் இருக்கும். அவற்றை எழுதுபவர்கள் கோடைப் புழுக்கத்திலேயே பேனாவைத் திறந்தாக வேண்டும்.

இந்தக் கெடுவுக்கு உலகப்புகழ் பெற்றவர்களும் கட்டுப்பட்டார்கள். தாத்தா 1913இல் ஆரம்பித்த 'சந்தேஷ்' சிறுவர் இதழுக்கு 1961இல் மறுபடி உயிர் கொடுத்தார் சத்யஜித் ராய். பக்கங்களை நிரப்பக் கதை வேண்டுமே! இயக்குநர் எழுத்தாளரானார்; படங்களையும் தானே வரைந்தார். 1965இல் துப்பறியும் ஃபெலுதா பிறந்தது அதில்தான். 1970இல் ஃபெலுதா 'தேஷ்' பூஜை மலருக்குக் குடிபெயர்ந்தார். 1971 மலரில் வந்த 'சோனார் கெல்லா' 1974இல் படமாகி, குழந்தைகளைக் கொள்ளைகொண்டது. படப்பிடிப்புகளுக்கு நடுவிலும் ராயின் பேனா ஓயவில்லை.

அவசரத்தில் எழுதியவை நீர்த்துப்போகின்றன என்ற புகாரும் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் மனநிலை கூடிவரட்டும் என்று காத்திருந்தால் பல நாவல்கள் எழுதப்பட்டே இருக்காது. எழுத்தாளர் தள்ளிப்போடலாம், பூஜை தள்ளிப்போகாது.