660 டன் உருண்டையைத் தலையில் சுமக்கும் கட்டடம்!

ஐந்தாவது மாடியில் லிஃப்ட் ஏறி, செல்போனில் ஒரு ரீல்ஸ் பார்த்து முடிப்பதற்குள் 89-வது மாடி வந்துவிடுகிறது. 37 விநாடிகள்தான்! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். காது அடைத்துக்கொள்ளாமல் இருக்க, லிஃப்ட்டுக்குள் காற்றழுத்தத்தையும் சரிசெய்துகொண்டே போகிறார்கள்.

தைவானின் தலைநகரில் நிற்கும் 'தைபே 101' கட்டடம்தான் இது. உயரம் 508 மீட்டர். 2004 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டபோது உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். 2010-ல் துபாயின் புர்ஜ் கலிஃபா வந்து அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. கீழே ஷாப்பிங் மாலும் சாப்பாட்டுக் கடைகளும், நடுவில் அடுக்கடுக்காக அலுவலகங்கள், உச்சியில் ஊரையே பார்க்கும் தளம்.

மேலே போனதும் எல்லோரும் ஜன்னல் பக்கம்தான் ஓடுவார்கள். உண்மையான அதிசயம் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது.

தங்க நிறத்தில் ஒரு ராட்சத உருண்டை. குறுக்களவு ஐந்தரை மீட்டர், எடை 660 டன். 92-வது மாடியிலிருந்து எஃகு வடங்களில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முழுசாக மேலே தூக்க முடியாத எடை என்பதால், 41 எஃகுத் தகடுகளாக ஏற்றி அங்கேயே அடுக்கி வெல்டிங் செய்தார்கள்.

எதற்கு இந்தப் பாடு?

தைவானில் ஆண்டுதோறும் புயல் வரும். உயரமான கட்டடம் காற்றில் ஆடத்தான் செய்யும். அதனால் இடிந்துவிடாது. ஆனால், 80-வது மாடியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்குக் கப்பலில் போவதுபோல் தலை சுற்றும், குமட்டும். அப்படிப்பட்ட அலுவலகத்துக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?

வீட்டில் குழந்தை ஊஞ்சல் ஆடுகிறது. நிறுத்த வேண்டுமென்றால் என்ன செய்வோம்? அது நம் பக்கம் வரும்போது கையை வைத்து எதிர்ப்பக்கம் தாங்குவோம். இரண்டு மூன்று முறை தாங்கினால் ஆட்டம் அடங்கிவிடும். உருண்டையும் அதைத்தான் செய்கிறது. கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது, கனத்த உருண்டை பின்தங்கி மறுபக்கம் இழுக்கிறது. கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப ஏறக்குறைய 7 விநாடி ஆகும். உருண்டையும் அதே தாளத்தில் ஆடும்படி அமைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டரின் ஷாக் அப்சார்பர் மாதிரி பெரிய பெரிய எண்ணெய் உருளைகள் அடியில் இருக்கின்றன. அவை அந்த ஆட்டத்தை வாங்கி வெப்பமாக மாற்றிவிடும்.

பூகம்பத்திலிருந்து கட்டடத்தைக் காப்பாற்றுவதே இந்த உருண்டைதான் என்று பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. இதன் முதல் வேலை காற்றைச் சமாளிப்பது. பூகம்பத்தைத் தாங்குவது பெரும்பாலும் கான்கிரீட் நிரப்பிய பிரமாண்ட எஃகுத் தூண்களும், பூமிக்குள் பாறை வரை இறக்கிய 380 அடித்தளத் தூண்களும்தான். யாரும் அவற்றோடு செல்ஃபி எடுப்பதில்லை!

அந்தத் தூண்களுக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. 2002 மார்ச் 31. கட்டடம் பாதிதான் எழும்பியிருந்தது, உருண்டை இன்னும் வரவில்லை. கடுமையான நிலநடுக்கம். 56-வது மாடி உயரத்தில் நின்ற இரண்டு கிரேன்கள் பெயர்ந்து கீழே விழுந்தன. ஐந்து பேர் இறந்துபோனார்கள். கட்டடத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்குப் பாதிப்பில்லை என்று தெரிந்து வேலையைத் தொடர்ந்தார்கள். கட்டி முடித்த பிறகு உள்ளே வருபவர்களுக்காக எவ்வளவோ யோசித்திருக்கிறார்கள். கட்டிக்கொண்டிருந்தபோது போன அந்த ஐந்து உயிர்களைப் பற்றிப் படிக்கையில் மனசு கனக்கிறது.

2015 ஆகஸ்டில் சௌடலோர் புயல் வீசியபோது உருண்டை ஒரு மீட்டர் வரை நகர்ந்தது. அதுவரை அவ்வளவு தூரம் அது நகர்ந்ததே இல்லை. 2024 ஏப்ரலில் தைவானை உலுக்கிய பெரிய பூகம்பத்தையும் கட்டடம் தாங்கி நின்றது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த உருண்டைக்குக் கைகால் முளைக்கவைத்து, 'டேம்பர் பேபி' என்று பொம்மையாக விற்கிறார்கள். வாங்காமல் திரும்ப முடியாது. இன்னொன்று, இங்கே 44-வது மாடியைத் தேடாதீர்கள். சீனர்களுக்கு நான்கு ராசியில்லாத எண் என்பதால், 42-க்குப் பிறகு '42ஏ' என்று ஒரு மாடியை வைத்து, 44 என்ற எண்ணையே தவிர்த்துவிட்டார்கள்.

காற்று பலமாக இருந்தால் 91-வது மாடியின் திறந்தவெளித் தளத்தை மூடிவிடுவார்கள். டிக்கெட் வீணாகிவிட்டதே என்று வருத்தப்படாமல் உள்ளே வந்து உருண்டைக்கு எதிரே நில்லுங்கள். அன்றைக்குத்தான் அது அசைவதைப் பார்க்க முடியும்.