கிழங்கிலிருந்து தண்ணீரை விரட்டுங்கள்

லூமுட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேலை ஷிப்ட் முறையில். விடியற்காலையில் கிளம்ப வேண்டிய நாள்களில் பிள்ளைகள் பசியாறுவதற்காக, ஞாயிற்றுக்கிழமையே கறிபாப்பும் பெர்கெடிலும் செய்து ப்ரீசரில் அடுக்கிவிடுகிறார். கறிபாப் பிரச்சினை செய்வதில்லையாம். பெர்கெடில்தான் எண்ணெயில் போட்டதும் உடைந்து கரைகிறது. ஒருமுறை மீந்துபோன உருளைக்கிழங்குக் குழம்பை உறைய வைத்து எடுத்தால், கிழங்குத் துண்டெல்லாம் பஞ்சு. “உருளைக்கிழங்குக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஆகவே ஆகாதா?” என்று கேட்கிறார்.

ஆகும். கிழங்குக்குள் இருக்கும் தண்ணீருக்குத்தான் ஆகாது. கறிபாப்புக்கு மாவு பிசைவதையும் ஓரம் முறுக்குவதையும் பேராக் மாநிலத்தில் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரே தண்ணீர் விவகாரத்துக்கு வருகிறேன்.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு தண்ணீர். உறையும்போது அது பனிப்படிகமாகிறது. தொழிற்சாலைகளில் மைனஸ் 30, 40 பாகையில் குளிர்காற்றை வீசி நிமிடக்கணக்கில் உறைய வைப்பதால் படிகங்கள் பொடியாகவே நின்றுவிடும். நம் வீட்டு ப்ரீசர் மைனஸ் 18 பாகைதான். அதிலும் கதவைத் திறந்து திறந்து மூடுகிறோம். மெதுவாக உறையும்போது படிகங்கள் பெரிதாக வளர்ந்து கிழங்கின் செல்சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. வெந்த கிழங்கில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. வேகும்போது தண்ணீரைக் குடித்து உப்பிய மாவுச்சத்து, குளிரக் குளிர மறுபடி இறுகி, குடித்த தண்ணீரைக் கக்குகிறது. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். ஆசிட் ஊற்றி உறைய வைத்த ரப்பர் பால், மிஷினில் கொடுப்பதற்கு முன்பே தானாகச் சுருங்கித் தட்டில் தண்ணீர் விட்டு நிற்கும். குழம்புக் கிழங்கு பஞ்சாவதும் அந்தச் சங்கதிதான்.

நாம் குறையென்று நினைக்கும் இதையே தொழில்நுட்பமாக்கியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. வாசகி பொறுத்துக்கொள்ள வேண்டும். தென் அமெரிக்காவில் பெருவும் பொலிவியாவும் சேரும் இடத்தில் டிட்டிகாக்கா ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,800 மீட்டர். உருளைக்கிழங்கின் தாய்வீடே அந்தப் பக்கம்தான். அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம்: பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் உறைபனி. சின்னச் சின்னக் கிழங்குகளைப் புல்தரையில் பரப்பிவிடுகிறார்கள். இரவில் கல்லாக உறைகிறது, பகலில் இளகித் தொளதொளவென்று ஆகிறது. சில இரவுகள் இப்படிக் கழிந்ததும் குவியல் குவியலாகச் சேர்த்து வெறுங்காலால் மிதிக்கிறார்கள். செல்சுவர்களைப் பனி முன்பே கிழித்து வைத்திருப்பதால், மிதித்த மிதியில் தண்ணீர் கொட்டுகிறது, தோலும் கழன்றுவிடுகிறது. பிறகு வெயிலில் காய வைக்கிறார்கள். கடைசியில் கிடைப்பது கூழாங்கல் போல் கறுத்து, கனமே இல்லாத ஒரு பொருள். பெயர் சுன்யோ. வெளுப்பான வகைக்கு உறைந்த கிழங்கை ஓடும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பிறகு காய வைக்கிறார்கள். அந்த மலைக்கிழங்குகளில் சில கசக்கும். அப்படியே வேக வைத்துத் தின்றால் வயிற்றைக் கெடுக்கும். உறைந்து, மிதிபட்டு, ஊறும்போது அந்தக் கசப்பு பெரும்பாலும் போய்விடுகிறது.

சுன்யோ ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்கா அரசர்கள் களஞ்சியங்களில் சேர்த்து வைத்துப் படைக்கும் பஞ்சத்துக்கும் எடுத்தார்கள். பின்னால் வந்த ஸ்பானியர்கள் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் வேலை வாங்கிய மக்களுக்கு இதைத்தான் சாப்பாடாக்கினார்கள். உழைக்கிறவன் கையிலிருந்த அறிவு அவனைக் கசக்கிப் பிழியவே பயன்பட்ட கதை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல.

லூமுட்டில் உறைபனிக்கு எங்கே போவது? தண்ணீரை உறைவதற்கு முன்பே விரட்ட வேண்டும். நம் மலாய் அண்டைவீட்டார் பெர்கெடிலுக்குக் கிழங்கைப் பெரும்பாலும் அவிப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, சூட்டோடு இடிப்பார்கள். அவித்தால் தண்ணீர் ஏறும், பொரித்தால் இறங்கும். வாசகி அவித்த கிழங்கில் செய்கிறார் என்று நினைக்கிறேன். பொரித்துப் பாருங்கள். இடித்துத் தட்டியதை முட்டையில் தோய்த்து லேசாக ஒரு பொரி பொரித்து, நன்றாக ஆறிய பிறகு உறைய வைத்தால் இன்னும் பத்திரம். காலையில் ஏர் ப்ரையரில் சூடு காட்டினால் போதும். கறிபாப் தப்பிப்பதும், உள்ளே போகும் கிழங்கை எண்ணெயில் பிரட்டி வறள வைப்பதால்தான். தோசை மசாலாவும் அப்படியே: மசித்து, எண்ணெய் சேர்த்து, கெட்டியாக இறக்கினால் ப்ரீசரைத் தாங்கும். துண்டாக மிதக்கும் குழம்பை மட்டும் உறைய வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

சூடாக மூடி வைத்தால் நீராவி உள்ளேயே பனியாகும். ஆறட்டும், ஆனால் நம் ஊர் வெக்கையில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க வேண்டாம். ப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, இறுகிய பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். காற்றிருந்தால் பனி நேரே ஆவியாகி, ஓரமெல்லாம் வெளுத்து வறண்டுவிடும். கறிபாப்பை இளக விடாமல் அப்படியே நடுத்தரச் சூட்டு எண்ணெயில் போடுங்கள். இளகினால் மேல்மாவு ஈரமாகும், பிறகு மொறுமொறுப்பைத் தேட வேண்டியதுதான்.

பச்சைக் கிழங்கைப் பையோடு ஐஸ் பெட்டியில் திணிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 4 பாகைக் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். அதைப் பொரித்தால் சீக்கிரம் கறுக்கும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடலாம். பொரித்த உணவில் அக்ரிலமைடு இருப்பதை 2002இல் சுவீடன்காரர்கள் சொன்னபோது உலகமே திடுக்கிட்டது, நம் அடுப்படிக்குச் சேதி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இருட்டான, காற்றோட்டமான மூலை போதும் கிழங்குக்கு.

அப்புறம், அந்த ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் முன் நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிய அம்மாமார்களுக்கு ப்ரீசர் இருந்ததில்லை. இன்று இருக்கிறது. ஆனால் விடியற்காலை வேலை ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் மாறியிருக்கிறதே தவிர, செய்கிற ஆள் மாறவில்லை. வாரம் முழுக்கத் தின்னப்போகிறவர்கள் கூட உட்கார்ந்து கிழங்கை இடிக்கட்டும். கறிபாப் ஓரம் முறுக்க வராத அப்பாக்கள் பையில் தேதியாவது எழுதலாம். 3 மாதத்துக்குள் தின்று தீர்த்துவிடுங்கள். மின்சாரம் போய் ஒருமுறை முழுதாக இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள்.