சாலைக்கு என்ன விலை?

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். சாலை ஓரத்துப் புளியமரங்களின் மகசூலைச் சர்க்கார் ஏலத்தில் விடுவது நம் நாட்டில் பழைய வழக்கம். ஏலம் கேட்க வருகிறவர் முதலில் மரத்தை அண்ணாந்து பார்ப்பார். பிறகு மௌனமாக விரல்களை மடக்குவார். காய் எவ்வளவு தேறும், உலுக்குகிற ஆளுக்குக் கூலி என்ன, கொட்டை எடுக்கும் பெண்களுக்கு என்ன, வண்டிச் சத்தம் எவ்வளவு, இவ்வளவும் போகக் கையில் நிற்பது எத்தனை ரூபாய்? அந்த ரூபாய்க்கு உட்பட்டுத்தான் அவர் வாய் திறப்பார். மரத்தின் உயரமும், அதை நட்ட புண்ணியவானின் பெயரும் அவருடைய கணக்கில் ஏறுவதில்லை.

மேல்நாட்டுக் கலாசாலைகளில் 'ஃப்ரீ காஷ் ஃப்ளோ' என்று தடித்த புத்தகங்களில் விளக்கப்படும் விஷயம் ஏறக்குறைய இதுவேதான். ஒரு தொழிலில் வந்த ரொக்கத்திலிருந்து செலவையும் வரியையும் கழித்து, அத்தொழில் தொடர்ந்து நடப்பதற்கு வேண்டிய யந்திரம், சரக்கு முதலியவற்றுக்கும் கொடுத்த பிறகு, தாராளமாக எடுத்துக்கொள்ளக்கூடியதாக மிஞ்சுவது எதுவோ அதுவே அந்த ரொக்கம். நாம் இதை மிச்ச ரொக்கம் என்று அழைக்கலாம். ஒரு பங்கின் மதிப்பு, அது இனி உடையவர் கையில் கொண்டுவந்து சேர்க்கும் ரொக்கத்தின் இன்றைய மதிப்பே என்று ஜான் பர் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் 1938-ல் ஒரு நூலில் வற்புறுத்தினார். நம் புளி வியாபாரிக்கு அந்த நூலைப் படிக்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

லாபம் என்ற சொல் இருக்கும்போது மிச்ச ரொக்கம் எதற்கு என்று நேயர்கள் கேட்கக்கூடும். திண்டிவனத்துப் பக்கம் வேர்க்கடலை விளைகிற பூமி. அங்கே ஓர் எண்ணெய் ஆலை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் கிடையாது, வரி போக ஆண்டு லாபம் 2,00,000 ரூபாய், உடையவர் கேட்கும் விலை 15 லட்சம். விழுப்புரத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் பிராவிடண்டு பண்டுப் பணத்தை எண்ணிப் பார்க்கிறார். இந்த அபாயத்துக்கு நூற்றுக்கு 12 கிடைத்தால் போதும் என்பது அவர் எண்ணம். 2 லட்சத்தை 12 சதவிகிதத்தால் வகுத்தால் 16 லட்சத்து 67 ஆயிரம் வருகிறது. மலிவு என்றே தோன்றுகிறது அல்லவா?

கணக்குப் புத்தகத்தை இன்னும் ஒரு பக்கம் புரட்டட்டும். யந்திரத் தேய்மானம் என்று எழுதிக் கழித்த 40,000 ரூபாய் உண்மையில் வெளியே போகவில்லை. அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். ஆனால் பழைய யந்திரங்களை மாற்ற ஆண்டுதோறும் 70,000 ரூபாய் நிஜமாகவே செலவாகிறது. கடைக்காரர்களிடம் கடனாக விட்ட சரக்கின் தொகையோ ஆண்டுக்கு 50,000 ஏறிக்கொண்டு போகிறது. விற்றாகிவிட்டது என்று புத்தகம் லாபம் காட்டுகிறது. பணமோ கடைக்காரர் பெட்டியில் இருக்கிறது. ஆக மிஞ்சுவது 1,20,000. அதை 12 சதவிகிதத்தால் வகுத்தால் 10 லட்சந்தான். 15 லட்சம் கொடுத்தால் 5 லட்சம் ரூபாய் காற்றுக்குக் கொடுத்ததாகும்.

சாமர்த்தியசாலியான தரகர் இதற்கும் பதில் வைத்திருப்பார். "ரொக்கம் இப்படியே நிற்குமா, ஸார்? ஆண்டுக்கு நூற்றுக்கு நாலு வளரும்!" என்பார். 12-லிருந்து 4-ஐக் கழித்து, 8 சதவிகிதத்தால் 1,20,000-ஐ வகுத்துப் பாருங்கள். விடை சரியாகப் பதினைந்து லட்சம்! 4 என்ற அந்த ஒற்றை எண் 5 லட்சம் ரூபாய் பெறுகிறது. அது முடிவே இல்லாமல் என்றென்றைக்கும் வளர வேண்டும் என்பதையும், வளர்வதற்கே மேலும் யந்திரமும் சரக்கும் வேண்டும் என்பதையும் தரகர் சொல்லமாட்டார். கம்பெனிகளின் மதிப்பைப் பற்றி வரும் அழகான அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

காலத்துக்கும் விலை உண்டு. வட்டி நூற்றுக்கு 10 என்று கொண்டால், இருபது ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்று சுமார் 15 ரூபாய்தான் மதிப்பு. வரவு நிச்சயமற்றதாக இருந்தால் வட்டியை இன்னும் உயர்த்திக் கழிக்க வேண்டும். மதிப்பு இன்னும் இறங்கும்.

இதைக் கண்ணால் காண வேண்டுமானால் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை ஒரு முறை மோட்டாரில் வந்தால் போதும். தார் ஒன்று, கோடு ஒன்று. ஆனால் திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள நாலுவழிச் சாலையும் தெற்கே உள்ளதும் கணக்கில் முற்றிலும் வேறானவை. இரண்டையும் போட்டவை ஜி.எம்.ஆர். குழுமத்துக் கம்பெனிகளே. தாம்பரம் முதல் திண்டிவனம் வரை சுமார் 93 கிலோமீட்டருக்கு 2002-ல் தொடங்கிய ஒப்பந்தம் பதினேழரை ஆண்டுக்கானது. பரனூரிலும் ஆத்தூரிலும் வண்டிகள் கட்டிய சுங்கம் அந்தக் கம்பெனிக்குச் சேரவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிர்ணயித்த தவணையைக் கம்பெனிக்குக் கொடுத்தது. திண்டிவனம் முதல் உளுந்தூர்ப்பேட்டை வரை சுமார் 73 கிலோமீட்டருக்கு 2006-ல் ஏற்பட்ட ஒப்பந்தம் இருபது ஆண்டுக்கானது. அங்கே தவணை இல்லை. விக்கிரவாண்டிச் சாவடியில் கம்பெனியே சுங்கம் வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடாக அது அமைந்தது. வண்டி வந்தால் பணம், வராவிட்டால் இல்லை.

இரண்டிலும் ஆண்டுக்கு 100 ரூபாய் வீதம் பதினைந்து ஆண்டு மிஞ்சும் என்று கற்பனை செய்துகொள்வோம். தவணைச் சாலைக்கு 9 சதவிகிதம் போதும் என்று கழித்தால் இன்றைய மதிப்பு 806 ரூபாய். சுங்கச் சாலைக்கு 13 கேட்டால் 646 ரூபாய். எதிர்பார்க்கிற வரவு ஒன்றே, நம்பிக்கைதான் வேறு. 2016-ல் பழைய நோட்டுகள் செல்லாது என்றானபோது நவம்பர் 9 முதல் டிசம்பர் 2 வரை தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்க வசூல் நிறுத்தப்பட்டது. 2020-ல் கொள்ளை நோய்க்காக மார்ச் 26 முதல் ஏப்ரல் 19 வரை மறுபடியும் நின்றது. பின்னால் ஈடு கிடைத்தாலும், அன்று வரவேண்டிய ரொக்கம் அன்று வரவில்லை. தவணையோ சாவடியில் நிற்கும் வண்டிகளை எண்ணிக் கொடுக்கப்படுவதல்ல.

அப்படியானால் தவணை முறைதான் நல்லது என்று அவசரப்பட வேண்டாம். கம்பெனிக்கு இல்லாத அபாயம் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. இதே வட்டாரத்தில் ஓடும் ரயிலின் பூர்வீகத்தைப் பார்த்தால் தெரியும். 1849 முதல் இந்தியாவில் ரயில் போட்ட ஆங்கிலக் கம்பெனிகளுக்கு, வண்டியில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி தருவதாகச் சர்க்கார் உத்தரவாதம் செய்தது. லண்டனில் இருந்த பங்குதாரருக்குக் கவலையற்ற வருமானம். குறைந்ததைக் கொடுத்துத் தீர்த்தவன் இந்தியக் குடியானவன். ரமேச சந்திர தத்தர் இதைக் கடுமையாகக் கண்டித்தது நியாயமே. தவணைச் சாலையில் வண்டி குறைந்தால் அந்தக் குறையையும் பொதுப் பணமே தாங்க வேண்டும். ஆகையால் ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது மிஞ்சுவது எவ்வளவு என்பதோடு, மிஞ்சாவிட்டால் யார் தலையில் விடியும் என்றும் கேட்பது முறை.

சாலைக் கம்பெனிக்கும் எண்ணெய் ஆலைக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைப் பங்கு வாங்குகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஆலை நன்றாக நடந்தால் பேரன் காலத்திலும் நடக்கும். சாலை ஒப்பந்தத்துக்கோ முடிவு தேதி உண்டு. கடைசி ஐந்து ஆண்டு ரொக்கத்தைப் பார்த்துவிட்டு, அது என்றென்றைக்கும் வரும்போல் பன்னிரண்டால் வகுக்கிறவர் இல்லாத ஆண்டுகளுக்கும் விலை கொடுக்கிறார். தாம்பரம்–திண்டிவனம் ஒப்பந்தத்தின் பதினேழரை ஆண்டும் 2019-ன் இறுதியில் நிறைவு பெற்றது. சாலை அங்கேயே இருக்கிறது, வண்டிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அதைக் கட்டிய கம்பெனியின் மதிப்பில் அந்த 93 கிலோமீட்டருக்கு இப்போது எழுத வேண்டிய தொகை பூஜ்யம்.