ஓவியம் தீட்டிய கிட்டாருக்கு மேற்பூச்சு: எப்படி, ஏன்?

கையால் செய்த கிட்டாரின் முன்பலகையில் மாணவர் ஒருவர் பல வாரம் உட்கார்ந்து ஓவியம் தீட்டி முடித்துவிட்டார். அதை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. வாசிப்பவரின் கை, வியர்வை, சட்டைப் பொத்தான் எல்லாம் தினமும் அதன்மேல் உரசும்.

1967ஆம் ஆண்டில், எரிக் கிளாப்டனின் கிப்சன் எஸ்ஜி கிட்டாருக்கு 'தி ஃபூல்' என்னும் டச்சு ஓவியர் குழு வண்ணம் தீட்டியது. அவர் வாசிக்க வாசிக்க வண்ணம் உதிர்ந்தது. பின்னாளில் அந்தக் கிட்டார் டாட் ரண்ட்கிரன் என்னும் இசைக்கலைஞரிடம் வந்தது. மிச்சமிருந்த ஓவியத்தைக் காக்க அதன்மேல் மேற்பூச்சு போட வேண்டியதாயிற்று.

ஆக, நிறமற்ற மேற்பூச்சு தேவைதான். சிக்கல் என்னவென்றால், காக்க வந்த அந்தப் பூச்சே ஓவியத்தைக் கரைத்துவிடலாம்.

ஏன் கரைகிறது?

லேக்கர் ஸ்ப்ரேயில் பிசினும் அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பானும் உண்டு. இந்தக் கரைப்பான் காய்ந்த அக்ரிலிக் வண்ணத்தையும் இளக வைக்கும். தடிப்பாக அடித்தால் அது ஆவியாக நேரமாகும். அதுவரை கீழே இருக்கும் வண்ணம் ஊறிக்கொண்டே இருக்கும். கோடுகள் பரவும், சில இடங்களில் தோல்போலச் சுருங்கும்.

பெர்மனன்ட் மார்க்கரில் வரைந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. தண்ணீருக்கு அழியாத அந்த மை, ஆல்கஹாலிலும் தின்னரிலும் கரைந்து ஓடிவிடும்.

செய்யும் முறை

முதலாவது, காய விடுதல். "சார், காஞ்சிருச்சு சார்!" என்று மாணவர் ஒரு மணி நேரத்திலேயே சொல்வார். காய்ந்தது மேல்தோல் மட்டும்தான். தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மெல்லிய அக்ரிலிக் வண்ணத்துக்குச் சில நாள்கள் கொடுங்கள். தடிப்பாகத் தீட்டியிருந்தால் வாரக்கணக்கில் காத்திருங்கள்.

இரண்டாவது, தடுப்புப் பூச்சு. ஓவியத்துக்கும் லேக்கருக்கும் நடுவே மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை மெல்லிய அடுக்காகப் போடலாம். ஷெல்லாக் வேறொன்றுமில்லை, நம் அரக்குதான். லாக் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின் அது. பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகை மாணவர்களுக்குத் தெரியும். இங்கே அதே அரக்கு ஆல்கஹாலில் கரைந்து வருகிறது. ஆல்கஹாலும் அக்ரிலிக்கைச் சற்று இளக்கும். அதனால் துணியால் தேய்க்காமல் ஸ்ப்ரேயாக லேசாக அடிக்க வேண்டும். மார்க்கர் ஓவியத்துக்கு ஷெல்லாக் வேண்டாம். தண்ணீரில் கலந்த நிறமற்ற பூச்சே பொருத்தம்.

மூன்றாவது, மேற்பூச்சு. முதல் இரண்டு மூன்று முறை பனி படிவதுபோல அடித்தால் போதும். கரைப்பான் உடனே பறந்துவிடும். வண்ணத்தை ஊற வைக்க அதற்கு நேரம் கிடைக்காது. ஒரே அடியா அடிச்சு முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க. அதற்காக அடுக்கிக்கொண்டே போகவும் கூடாது. முன்பலகை அதிர்ந்தால்தான் கிட்டார் ஒலிக்கும். பூச்சு தடித்தால் ஒலி மங்கும்.

நான்காவது, தேய்த்தல். போதிய அடுக்குகள் சேரும்முன் மணல் தாளைத் தொடாதீர்கள். பூச்சு நன்கு இறுகிய பிறகு 800, 1000, 2000 எண் தாள்களால் வரிசையாக, தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்க்கலாம். ஓரங்களில் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். தாளில் வண்ணம் ஒட்டினால் அந்த நொடியே நிறுத்துங்கள். தாள் ஓவியத்தைத் தொட்டுவிட்டது.

நம் ஊர் வானிலை

மழை நேரத்தில் லேக்கர் அடித்தால் பூச்சு பால்போல வெளுத்துப் போகும். கரைப்பான் ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஈரப்பதம் மிகுந்த மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது அடிக்கடி நடக்கும். மழையில்லாத நண்பகலே நல்ல நேரம்.

லேக்கரும் ஷெல்லாக் கரைசலும் எளிதில் தீப்பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் வேலை செய்ய வேண்டும். சாதாரண முகக்கவரி கரைப்பான் ஆவியைத் தடுக்காது; அதற்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். பள்ளிப் பட்டறைக்குத் தண்ணீரில் கலந்த பூச்சே ஏற்றது.

எந்தப் பூச்சானாலும் அதே மரத்துண்டு ஒன்றில் அதே வண்ணத்தைத் தீட்டி முதலில் சோதித்துப் பாருங்கள்.

வகுப்பறைக்கு

செய்முறையை விளக்கும் கட்டுரையில், 'என்ன செய்ய வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அது வெறும் கட்டளைப் பட்டியல். ஒவ்வொரு படிக்கும் 'ஏன்' என்ற காரணத்தைச் சேர்த்தால்தான் விளக்கம் ஆகும்.

1. முதல் அடுக்குகள் ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும்? இரண்டு வாக்கியங்களில் எழுதுக.
2. மழை நேரத்தில் லேக்கர் ஏன் வெளுக்கிறது? காரண காரியத் தொடர்பு தெரியும்படி விளக்குக.
3. நீங்கள் நன்கு அறிந்த ஒரு கைவேலையை, படியும் காரணமுமாக நான்கு பத்திகளில் எழுதுக.